ஜான்சி ராணிப் படைக் காகிதங்களுக்குப் புதுவைக் கைக்காகித உறை: வாங்கலாமா?

மலேயா போய் வந்த கடலூர், புதுச்சேரி குடும்பங்கள் பலவற்றில் டிரங்குப் பெட்டியின் அடியில் ஒரு பிளாஸ்டிக் கவர் கிடக்கும். சீருடையில் நிற்கும் ஒரு பெண்ணின் கறுப்பு வெள்ளைப் படம், தட்டச்சு செய்த ஒன்றிரண்டு தாள்கள், ஊதாப் பென்சிலில் எழுதிய கடிதம், கப்பல் டிக்கெட், வாழைமரம் போட்ட ஜப்பான் காலத்துப் பத்து டாலர் நோட்டு, பின்னாளில் பென்ஷனுக்கு அனுப்பிய மனுவின் நகல் என்று அதற்குள் இருக்கும். ‘பாட்டி நேதாஜி படையில் இருந்தவங்க’ என்று வீட்டில் சொல்வதற்கு இருக்கும் சாட்சி அவ்வளவுதான்.

அந்தக் கவருக்குப் பதிலாக எதில் வைப்பது என்பதற்காகப் புதுச்சேரியில் கிடைக்கும் கைக்காகிதத்தையும், அதோடு சேர்த்து வாங்க வேண்டிய பாலியெஸ்டர் உறை, பெட்டி, சிலிக்கா ஜெல் ஆகியவற்றையும் சோதித்து எழுதியது இந்த மதிப்புரை. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். சாயமேறாத வெள்ளைக் கைக்காகிதத்தை, ஒரு சோதனை செய்துவிட்டு, வாங்கலாம். பாலியெஸ்டர் உறை சில தாள்களுக்கு மட்டும். பெட்டியில் காசு மிச்சம் பிடிக்க வேண்டாம். லேமினேஷன் கடைப் பக்கம் போகவே வேண்டாம்.

இந்தக் கட்டுக்கு ஏன் இவ்வளவு கவனம் என்றால், காரணம் அந்தப் படையின் வரலாற்றிலேயே இருக்கிறது. 1943 ஜூலையில் சிங்கப்பூரில் நேதாஜி, இந்திய தேசிய ராணுவத்தில் (ஐ.என்.ஏ.) ஜான்சி ராணியின் பெயரில் அமைந்த பெண்கள் படைக்கு அழைப்பு விடுத்தார். கேப்டன் லட்சுமியின் தலைமையில் அக்டோபர் 22 அன்று பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. சேர்ந்தவர்களில் பெரும் பகுதி மலேயாவின் ரப்பர் தோட்டத் தமிழ்ப் பெண்கள். பலருக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. துப்பாக்கிப் பயிற்சி, இரவு நடை, மருத்துவமனைப் பணி, பர்மாவில் ரங்கூன், மேமியோ முகாம்கள், 1945 ஏப்ரலில் ரங்கூனிலிருந்து பாங்காக் நோக்கிப் பின்வாங்கல், பிறகு வீடு. பிரிட்டிஷ் இந்திய ராணுவம் 1942இல் தொடங்கிய மகளிர் துணைப்படையில் இருந்தவருக்கு அந்த ராணுவத்தின் பதிவேடு பின்னால் நிற்கும். ராணிப் படைப் பெண் பணியாற்றியதோ நேதாஜி அமைத்த, போரில் தோற்றுப்போன ஓர் அரசின் படையில். ஐ.என்.ஏ. கோப்புகள் டெல்லியில் இந்திய தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ஆனால் தோட்டத்திலிருந்து போன ஒவ்வொரு பெண்ணின் பெயரும் அவற்றில் இருக்கும் என்று நம்பி வீட்டுக் காகிதத்தைக் கைவிட முடியாது.

கட்டில் பாதி 1943–45 காலத்தது என்றால், மறுபாதி 1972க்குப் பிந்தையது. மத்திய அரசின் விடுதலைப் போராட்ட வீரர் ஓய்வூதியத் திட்டம் தொடங்கியது 1972இல். 1980இல் அது விரிவாக்கப்பட்டது. ஓய்வூதியம் பெறச் சிறைவாசத்துக்கான குறைந்தபட்சக் காலம் பொதுவாக ஆறு மாதம், பெண்களுக்கு மூன்று மாதம். அதற்காக எழுதிய உறுதிமொழிப் பத்திரம், உடன் இருந்தவர் கொடுத்த சான்று, நிராகரித்து வந்த கடிதம் எல்லாம் ராணுவ வாழ்க்கையின் ஆவணங்களே. முதல் பாதி சொல்லாமல் விட்ட ஊரையும் தேதியையும் இரண்டாம் பாதி சொல்லும். ஆகவே ‘பழசு’, ‘பென்ஷன் பேப்பர்’ என்று இரண்டாகப் பிரித்துப் பிந்தையதைத் தூக்கிப் போடாதீர்கள். கட்டு எந்த வரிசையில் இருந்ததோ அதே வரிசையில் இருக்கட்டும். கடிதத்தோடு அதன் உறையும் இருக்க வேண்டும், முத்திரையின் தேதி உறையில்தான் இருக்கிறது.

இனி கைக்காகிதம். புதுச்சேரியில் இந்தத் தொழில் பழையது. அரவிந்தர் ஆசிரமத்தின் கைக்காகிதப் பிரிவு 1959இல் தொடங்கியது. பனியன் ஆலைகளில் விழும் பருத்தி வெட்டுத் துணியை அரைத்துக் கூழாக்கி, தொட்டியிலிருந்து சட்டத்தால் அள்ளி, அழுத்திக் காயவைத்து உருளையில் விட்டு வழவழப்பாக்குகிறார்கள். பருத்தியில் லிக்னின் கிடையாது. செய்தித்தாளைப் பழுப்பாக்கி நொறுக்கும் பொருள் அதுதான். போர்க்காலத் தாள்களில் பல மட்டமான மரக்கூழில் செய்தவை, தங்கள் அமிலத்தாலேயே தேய்ந்துகொண்டிருப்பவை. அவற்றைச் சுற்றி வைக்கும் தாளாவது அமிலமில்லாததாக இருக்க வேண்டும்.

ஆனால் பருத்தி என்பதாலேயே அமிலமில்லை என்று ஆகிவிடாது. மை ஊறிப் பரவாமலிருக்க கூழில் ஒரு பசை சேர்ப்பார்கள். அது ரோசினும் படிகாரமும் என்றால் தாளில் அமிலம் தங்கிவிடும். ‘நியூட்ரல் சைசிங்கா, படிகாரம் போட்டதா?’ என்று கடையில் கேளுங்கள். பதில் தெரியாவிட்டால், அமிலம் இருக்கிறதா என்று நிறத்தில் காட்டும் பி.எச். பேனா இருக்கிறது. தாளின் ஓரத்தைச் சற்றுக் கிழித்து, கிழிந்த உள்பகுதியில் ஒரு கோடு போட்டு இரண்டு மூன்று நிமிடம் பாருங்கள். ஊதாவானால் வாங்கலாம், மஞ்சளாகவே நின்றால் விட்டுவிடலாம். மேல்பூச்சில் சுண்ணாம்பு இருந்தால் மேல்பரப்பு மட்டும் ஊதா காட்டி ஏமாற்றும் என்பதால் உள்பகுதியில் பார்க்க வேண்டும். இந்தப் பேனாவை மூல ஆவணத்தில் ஒருபோதும் வைக்காதீர்கள், கோடு அழியாது.

சாயமேற்றிய தாளில் பேனா நிறமே தெரியாது. அதைவிட, இந்த ஊர் ஈரத்தில் சாயம் இறங்கும். ஈரப் பஞ்சை ஐந்து நிமிடம் அழுத்திப் பார்த்தாலே சிவப்பும் நீலமும் பஞ்சில் வந்துவிடுகின்றன. பூவிதழ் பதித்தது, வைக்கோல் தெரிவது, ஜரிகை ஓடுவது, மார்பிள் போட்டது எல்லாம் அழகு, வாழ்த்து அட்டைக்கு மிகப் பொருத்தம். ஆவணத்துக்கு ஆகாது. கடையில் கண்ணைப் பறிப்பவை அவைதான். நமக்கு வேண்டியது பெரும்பாலும் கீழ்த்தட்டில் சுருட்டி வைத்திருக்கும் வெறும் வெள்ளை.

அளவில்தான் பலர் தவறு செய்கிறார்கள். அந்தக் காலத் தட்டச்சுத் தாளும் முத்திரைத்தாளும் ஃபுல்ஸ்கேப், ஏறக்குறைய 21 செ.மீ.க்கு 34 செ.மீ. ஏ4 கோப்புக்குள் நுழையாது. நுழைக்க அடியை மடிப்பார்கள். மடித்த இடத்தில் நார் உடைந்து, சில வருடத்தில் கையெழுத்து இருக்கும் கீழ்ப் பட்டை தனியாகக் கழன்று வரும். ஆகவே மடித்த உறை 24க்கு 37 செ.மீ. இருக்கட்டும். கைக்காகிதம் வழக்கமாகக் கிடைக்கும் 56க்கு 76 செ.மீ. முழுத்தாளை நீளத்தில் இரண்டாக வெட்டினால் இரண்டு உறை வருகிறது. உறைக்கு 150 முதல் 200 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்), தாள்களுக்கு இடையில் வைக்க 60க்குள். பிசிறு ஓரம் பார்க்க நன்றாக இருந்தாலும் நார் உதிர்க்கும், 1 செ.மீ. வெட்டி எடுத்துவிடுங்கள். மடிக்கும் கோட்டைக் கரண்டிக் காம்பால் ஒரு முறை அழுத்திவிட்டு மடித்தால் வெடிக்காது. ஓர் உறையில் பத்துத் தாளுக்கு மேல் வேண்டாம்.

இந்தத் தாளுக்கு ஒரு குறையும் உண்டு. ஒரே கட்டில் ஒரு தாள் தடித்தும் ஒன்று மெலிந்தும் வருகிறது, ஒரு பக்கம் சொரசொரப்பாக இருக்கிறது. சொரசொரப்பான பக்கம் புகைப்படத்தின் முகத்தில் உரசினால் கீறல் விழும். படத்தை வழவழப்பான பக்கம் பார்க்க வையுங்கள். உறையை ஒட்டினால் ஒட்டு நடுவில் வராமல் ஓரத்தில் வரட்டும், படத்தின் முகம் ஒட்டைப் பார்க்காமல் இருக்கட்டும். கால்சியம் கார்பனேட் சேர்த்த தாள் அமிலக் காகிதத்துக்கு நல்லது, புகைப்படத்துக்கு அது சேர்க்காத தாளே பாதுகாப்பு. நீண்டகாலத் தாளுக்கான ஐ.எஸ்.ஓ. 9706 தரம் கேட்பது இரண்டு சதவீதக் கார்பனேட் இருப்பு. அந்தத் தரச்சான்று வேண்டுமென்றால் கைக்காகிதக் கடையை விட்டு ஆவணப் பொருள் விற்பவர்களிடம் வரவழைக்க வேண்டியதுதான். வீட்டுக் கட்டுக்கு, பேனாச் சோதனையில் தேறிய கைக்காகிதம் போதும் என்பதே எங்கள் கருத்து.

பாலியெஸ்டர் உறை பலர் கையில் மாறும் தாளுக்கும் கிழிந்த தாளுக்கும் நன்றாக உதவுகிறது. 50 முதல் 75 மைக்ரான் தடிமன், இரண்டு பக்கம் ஒட்டி இரண்டு பக்கம் திறந்தது வாங்குங்கள். ஸ்டேஷனரிக் கடையில் ‘பிளாஸ்டிக் ஃபோல்டர்’ என்று கொடுப்பது பெரும்பாலும் வேறு சரக்கு. புதுக் கைப்பை வாடை அடித்து, விரலில் லேசாக ஒட்டினால் அது பி.வி.சி.; அது வருடக்கணக்கில் அமில ஆவி விடும், தட்டச்சு எழுத்தைத் தன்மேல் ஒட்டிக்கொள்ளும். ஊதாப் பென்சில் கடிதத்தையும் சாதாரணப் பென்சில் குறிப்பையும் பாலியெஸ்டரிலும் வைக்காதீர்கள். அதன் நிலைமின்சாரம் பென்சில் தூளைத் தாளிலிருந்து எடுத்துவிடும். கடலோர ஈரத்தில் புகைப்படத்தின் ஜெலட்டின் இளகி, பிளாஸ்டிக்கோடு கண்ணாடிபோல் ஒட்டிக்கொள்வதும் உண்டு. ஒட்டிவிட்டால் பிய்க்காதீர்கள், அப்படியே ஸ்கேன் செய்துகொண்டு தெரிந்தவர் கையில் கொடுங்கள்.

அந்த ஊதாப் பென்சிலைப் பற்றி இன்னும் கொஞ்சம். காப்பியிங் பென்சில் எனப்படும் இதில் அனிலின் சாயம் கலந்திருக்கும். காய்ந்திருக்கும்போது சாம்பல் நிறமாகத்தான் தெரியும். ஒரு சொட்டு நீர் பட்டால் கரு ஊதாவாகப் பரவி எழுத்து மறைந்துவிடும். வியர்வைக் கை போதும். ரப்பர் முத்திரை மையும் அப்படியே. ஆகவே எந்தத் தாளையும் ஈரத்துணியால் துடைக்காதீர்கள். மென்மையான தூரிகையால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் தூசி தட்டினால் போதும்.

வைப்பதற்கு முன் இரும்பையும் ரப்பரையும் அகற்ற வேண்டும். துருப்பிடித்த குண்டூசியை அப்படியே இழுத்தால் தாளும் கூடவே வரும். ஊசிக்கும் தாளுக்கும் இடையில் மெல்லிய பாலியெஸ்டர் துண்டைச் செருகி, துருவை மெல்ல விடுவித்து, வந்த வழியே வெளியே எடுங்கள். கட்ட வெள்ளைப் பருத்தி நாடா. செலோ டேப் புதிதாக ஒட்டவே கூடாது. பழையது இருந்தால் பிய்க்காமல் விடுங்கள். விடுதலை வீரர்களுக்கு அரசு கொடுத்த தாமிரப் பத்திரம் இருந்தால் அதைக் காகிதத்தோடு வைக்காமல் தனித் துணியில் சுற்றுங்கள். குத்துவிளக்குக்குச் செய்வதுபோல் புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள், பொறித்த எழுத்து தேய்வதோடு ஓரங்களில் புளிச்சாறு தங்கிப் பச்சை பிடிக்கும்.

பெட்டிதான் இந்த ஊரில் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும். காகிதத்துக்கு நல்லது 45 முதல் 55. ஐப்பசி, கார்த்திகையில் கடலூரில் வீட்டுக்குள்ளேயே 80ஐத் தாண்டும். கைக்காகித உறை எவ்வளவு நல்லதானாலும் இந்த ஈரத்தைத் தடுக்காது, பருத்தி அதை உறிஞ்சவே செய்யும். ஆகவே உள்ளே அமிலமில்லா அட்டைப்பெட்டி, வெளியே ரப்பர் விளிம்பு கொண்ட பாலிப்ரொப்பிலீன் டப்பா என்று இரண்டு அடுக்கு வேண்டும். சேலைப் பெட்டி, செருப்புப் பெட்டி அட்டை எல்லாம் அமிலம். மர பீரோவும் அமில ஆவி விடும்.

சிலிக்கா ஜெல் என்று கடையில் கொடுக்கும் ஐந்து கிராம் பொட்டலத்தால் பயனில்லை. கணக்கைப் பாருங்கள். 2 கிலோ காகிதத்தை 75 சதவீத ஈரத்திலிருந்து 50க்கு இறக்க ஏறக்குறைய 50 கிராம் நீரை இழுக்க வேண்டும். அந்த நிலையில் ஜெல் தன் எடையில் சுமார் கால் பங்கு நீரைத்தான் பிடிக்கும். அப்படியானால் 200 முதல் 250 கிராம் வேண்டும். நிறம் மாறும் மணிகளில் நீலம் கோபால்ட் குளோரைடு சேர்த்தது, நச்சுத்தன்மை உள்ளது, ஆரஞ்சு வாங்குங்கள். பருத்திப் பையில் போட்டு, தாளைத் தொடாமல் டப்பாவின் ஓரத்தில் வையுங்கள். நிறம் மாறியதும் ஓவனில் 120 டிகிரி செல்சியஸில் இரண்டு மணி நேரம் காயவைத்துத் திரும்பப் பயன்படுத்தலாம். டப்பாவுக்குள் ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழே இறங்கவும் விடாதீர்கள், தாள் நொறுங்கும், படம் சுருளும்.

உள்ளே ஓர் ஈரமானி கட்டாயம். மலிவான டிஜிட்டல் மானி ஐந்து சதவீதம் வரை தப்பாகக் காட்டலாம். அதைச் சரிபார்க்க வீட்டு உப்பே போதும். ஒரு மூடியில் உப்பைப் போட்டுச் சில சொட்டு நீர்விட்டுச் சேறுபோல் குழைத்து, மானியோடு சேர்த்து இறுக்கமான ஜிப் பையில் 12 மணி நேரம் வையுங்கள். 75 காட்ட வேண்டும். 80 காட்டினால் எப்போதும் ஐந்தைக் கழித்துப் படியுங்கள்.

ஈரக் காகிதத்தை உள்ளே வைத்து டப்பாவை மூடினால் பூஞ்சணத்துக்கு நாமே வீடு கட்டிக் கொடுத்ததாகும். தை, மாசியில் காய்ந்த பகலிலோ, ஏ.சி. அறையில் ஒரு நாள் முழுக்க விரித்து வைத்த பிறகோ அடுக்குங்கள். வெயிலில் காயப்போட வேண்டாம். பாச்சை உருண்டையைப் பெட்டிக்குள் போடாதீர்கள், அதன் ஆவி பிளாஸ்டிக்கை இளக்கும், வேலையையும் முழுதாகச் செய்யாது. வசம்பு போடும் வழக்கம் ஓலைச்சுவடியிலிருந்து வந்தது. போட்டே ஆக வேண்டும் என்றால் மல் துணியில் முடிந்து வெளி டப்பாவில், காகிதத்தில் படாமல். ராமபாணப் பூச்சி கண்ணில் பட்டால் முழு உறையையும் பாலித்தீனில் இறுக்கி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைத்து, வெளியே எடுத்த பிறகு 24 மணி நேரம் பிரிக்காமல் விடுங்கள். பிரித்தால் பனி நீராகித் தாளில் படியும்.

டப்பா இருக்குமிடம் தரையும் வேண்டாம், ஓட்டுக்குக் கீழே பரணும் வேண்டாம். 2004 சுனாமி, 2011 தானே புயல், 2024 ஃபெஞ்சல் புயல் எல்லாம் பார்த்த கரை இது. நனைந்தே விட்டால் 48 மணி நேரம்தான் அவகாசம். அதற்குள் மின்விசிறிக் காற்றில், வெள்ளைத் தாள்மேல் தனித்தனியாகப் பரப்பிக் காயவைக்க வேண்டும். முடியாத அளவுக்கு நிறைய இருந்தால் பாலித்தீனில் சுற்றி ஃப்ரீசருக்குள் வைத்துவிட்டுப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கலாம்.

லேமினேஷன் பற்றி. ஆட்சியர் அலுவலகங்களைச் சுற்றியுள்ள ஜெராக்ஸ் கடைகளில் ‘லேமினேட் பண்ணிட்டா ஆயுசுக்கும் கவலையில்லை’ என்பார்கள். கடைக்காரர் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார். ஆனால் 100 டிகிரிக்கு மேல் சூடாக்கி உருகிய பசையைத் தாளின் நாருக்குள் அழுத்துகிறது அந்த இயந்திரம். திரும்ப எடுக்க வழியே இல்லை. ஊதாப் பென்சிலும் முத்திரை மையும் அதில் மாறிவிடும், புகைப்படத்தின் முகம் கொப்பளிக்கும், அமிலமோ உள்ளேயே அடைபட்டுத் தாளைத் தின்றுகொண்டிருக்கும். தேசிய ஆவணக் காப்பகமே ஒரு காலத்தில் லேமினேஷன் செய்ததே என்று கேட்கலாம். அது அசிட்டோனால் கையால் ஒட்டுவது, அசிட்டோனாலேயே பிரிப்பது. கடையில் செய்வதற்கும் அதற்கும் பெயரில் மட்டுமே ஒற்றுமை.

அதே கடைகளின் ஸ்கேன் சேவையைப் பயன்படுத்தலாம், நீங்கள் பக்கத்தில் நிற்க முடிந்தால். தாளை இழுத்துக்கொள்ளும் ஃபீடரில் விடக் கூடாது, கண்ணாடி மேல் வைக்கும் ஸ்கேனரே வேண்டும். தாளுக்கு 400 டி.பி.ஐ., புகைப்படத்துக்கு 600, கலரில், டிஃப் கோப்பாக. பார்க்கவும் அனுப்பவும் ஜேபெக் நகல் தனியாக. வெற்றுப் பக்கம் என்று பின்பக்கத்தை விடாதீர்கள். படத்தின் பின்னால்தான் ஸ்டூடியோ முத்திரையும் உடன் நிற்பவர் பெயரும் இருக்கும். ‘கறையை எடுத்துத் தரட்டுமா?’ என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அந்தக் கறை முத்திரையின் மிச்சமாக இருக்கலாம்.

பட்டியல் எழுதும்போது தேதியில் கவனம். ஜப்பான் பிடியில் இருந்த மலேயாவின் தாளில் 2603 என்று இருந்தால் அது பதிவு எண் அல்ல, ஜப்பானியக் கணக்கில் வருடம். 660ஐக் கழித்தால் 1943. வெறும் 18, 19 என்று இருந்தால் ஷோவா ஆண்டு, அதாவது ஜப்பான் பேரரசரின் ஆட்சி ஆண்டு; 1925ஐக் கூட்டுங்கள். ஷோனான் என்றால் சிங்கப்பூர். பட்டியலில் முதலில் தாளில் உள்ளபடியே எழுதிவிட்டு, நம் கணக்கைப் பக்கத்தில் தனியாகப் போடுங்கள். பெயரும் அப்படித்தான். ஐ.என்.ஏ.வில் ஹிந்துஸ்தானியை ரோமன் எழுத்தில் எழுதினார்கள், தமிழ்ப் பெண்களின் பெயர் தாளுக்குத் தாள் மாறியிருக்கும். பென்ஷன் மனுவில் உள்ள பெயரே சரி என்று மற்றதைத் திருத்தாதீர்கள்.

புதுவையின் சொல்தா குடும்பங்களில் (பிரெஞ்சு ராணுவத்தில் பணியாற்றியவர்களின் குடும்பங்கள்) இருக்கும் பிரெஞ்சு ராணுவக் கையேட்டுக்கும் இதே பெட்டியும் காகிதமும் பொருந்தும். தைத்த புத்தகம் என்பதால் தட்டையாக அழுத்தாமல், நான்கு மடல் உறையில் படுக்க வையுங்கள்.

கட்டை வீட்டில் வைக்க முடியாத நிலை வந்தால், தேசிய ஆவணக் காப்பகத்தின் ஆவண மையம் புதுச்சேரி லாஸ்பேட்டையில் இருக்கிறது. தனியார் ஆவணங்களையும் காப்பகம் ஏற்கிறது. கொடுப்பதற்கு முன் முழு ஸ்கேனும், தாள் எண்ணிட்ட பட்டியலும், பெற்றுக்கொண்டதற்கான கடிதமும் உங்கள் கையில் இருக்க வேண்டும். எண்ணை ஹெச்.பி. பென்சிலால் பின்பக்கக் கீழ் மூலையில் சிறிதாக, அழுத்தாமல் எழுதுங்கள். பட்டியலின் ஒரு நகலைப் பெட்டிக்குள் எல்லாவற்றுக்கும் மேலே வையுங்கள், திறப்பவர் கைக்கு முதலில் அது வரட்டும்.